கை வீங்காமல் அம்மை குத்திய வரதன் சார்

ஓய்வு பெற்ற சுகாதாரப் பணியாளர் கூட்டத்தில் என்னை மேடையேறிப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்தாலே நான் ஓடிவிடுவேன். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த காலம் முழுக்க டாக்டர் கூப்பிட்டால்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று 'ம்' சொன்னவள் நான். முடியாது என்று தலையாட்டினேன். அப்படியானால் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார் செயலாளர். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன் என்றேன். பிழை இருந்தால் நாங்கள் திருத்திக்கொள்கிறோம் என்றார். கூடவே ஒன்று சொன்னார்: "யாரைப் பத்தியும் குறையா எழுதாதீங்கம்மா. நிறைவா இருக்கட்டும்."

சரி. குறையே இல்லாத ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் வரதன். எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர். அவர் அம்மை குத்திய ஊர்களில் இன்று வரைக்கும் அவரை ஒருவரும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. என் கதையின் கஷ்டமே அதுதான்.

அவர் ஞாபகம் வந்ததற்குக் காரணம் கொரோனா ஊசி. எங்கள் தெருவில் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டு வந்து திண்டாடினார்கள். காய்ச்சல் வந்தவர்கள் ஊசியைத் திட்டினார்கள். வராதவர்கள், "எனக்கு ஒண்ணுமே பண்லக்கா, சூப்பர் ஊசி" என்று பெருமை பேசினார்கள். காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் இந்த ஊசி வேலை செய்யும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். இருக்கட்டும். இது உள்ளே போகிற ஊசி, புதுக் காலத்து ஊசி. ஆனால் 'ஒண்ணுமே பண்லக்கா' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபதுகளின் கடைசியில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திரா எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். இப்போது தொழிற்பேட்டை புகைவிடுகிற இடமெல்லாம் அப்போது சவுக்குத் தோப்பு, நடுநடுவே செங்கல் சூளை. என் வீட்டுக்காரர் பொன்னேரி ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினார். நான் ஆயா வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்டவ்வை எப்படிப் பம்ப் அடிப்பது, கருவிகளைச் சட்டியில் எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது, எதைக் கையால் தொடக்கூடாது. மூன்று நாளில் முடிந்துவிட்டது. நாலாம் நாள் அம்மை குத்துகிற முனுசாமி அண்ணனோடு அனுப்பிவிட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள.

முனுசாமி அண்ணனைப் பார்த்தால் அரசாங்க ஊழியர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாயில் எப்போதும் வெற்றிலை. சட்டைப் பையில் பீடி, பொடிமட்டை, பஸ் டிக்கெட் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஆனால் மருந்தை மட்டும் பச்சைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வருவார். ஐஸ் போட்ட பிளாஸ்க்கை வெயிலில் வைத்தால் அவருக்கு வருகிற கோபம், பெண்டாட்டியைத் திட்டினால்கூட வராது. அந்த ஐஸ் பொன்னேரி மார்க்கெட்டில் மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ். மரத்தூள் ஒட்டியிருக்கும், வஞ்சிர வாசனை அடிக்கும். அரசாங்கத்தின் உயிர்காக்கும் மருந்து வஞ்சிர மீனோடுதான் பஸ்ஸில் வரும்.

அம்மை குத்துகிற கருவியை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள். பென்சில் மாதிரி ஒரு குச்சி, அதன் முனையில் ஒரு சின்னத் தட்டு, தட்டின் அடியில் பல்பல்லாய் முட்கள். நாங்கள் அதைத் திருகு என்போம். கையைத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு, ஒரு துளி மருந்தை வைத்து, அதன்மேல் திருகை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிள்ளை வீறிடும். மூன்றாம் நாள் சிவப்பாய்ப் புடைக்கும், ஆறாம் நாள் நீர் கோக்கும், எட்டாம் நாள் சீழ் வைத்துக் கை வீங்கிக் காய்ச்சல் அடிக்கும். பிறகு பொருக்குத் தட்டி உதிர்ந்து, கையில் காலணா அளவு தழும்பு நிற்கும். அந்தத் தழும்புதான் ரசீது.

எட்டாம் நாள் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது சட்டம். முனுசாமி அண்ணனும் நானும் போவோம். பெண்கள் எங்களுக்கு அளிக்கிற வரவேற்பு தனி. "கட்டைல போறவனே, புள்ள கைய பாருடா. ரா முச்சூடும் தூங்கல" என்று தொடப்பத்தோடு வருவார்கள். அண்ணன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கையைப் பார்ப்பார். புடைப்பு இருந்தால் முகம் மலர்ந்துவிடும். "நல்லா வந்துகீது. இன்னா அழகா கீது பாரு கன்னிம்மா" என்பார் என்னிடம். சீழ் வைத்த கையைப் பார்த்து அழகு என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இந்த அழகு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். குரல் வெளியே வந்ததோ இல்லையோ, அவருக்குக் கேட்டுவிட்டது. மருந்துக்குள் இருப்பது உயிருள்ள கிருமி என்றார். பெரியம்மைக்குச் சொந்தக்காரக் கிருமி, ஆனால் சாது. கையில் இறங்கி நாலு நாள் குடித்தனம் பண்ணும். உடம்பு அதோடு சண்டை போட்டுப் பழகிக்கொள்ளும். பிறகு நிஜமான பெரியம்மை வந்தால், 'உன்னை மாதிரி ஒருத்தனை ஏற்கெனவே பார்த்தாச்சு' என்று வாசலிலேயே நிறுத்திவிடும். "உள்ள இருக்கறது செத்துட்டா இது வெறும் தண்ணி. தண்ணிய குத்தறதுக்கு நம்ப எதுக்கு? கொழாய்ல புடிச்சி ஊத்திக்கலாமே."

இவ்வளவும் எனக்கு முதல் வருடமே தெரியும். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது என்று பிறகு நான் சொல்ல முடியாது.

இந்த நேரத்தில்தான் வரதன் சார் மாற்றலாகி வந்தார். சொந்த ஊர் திருவள்ளூர், கோயில் கைங்கரியக் குடும்பம். தினமும் நெற்றியில் ஒரு நூல் பிசகாத திருமண். வெள்ளைச் சட்டையின் மடிப்பில் காய் நறுக்கலாம். வந்த முதல் நாளே ஆஸ்பத்திரி முழுக்க இரண்டு முறை கழுவச் சொன்னார். மூன்றாவது முறை கழுவும்போதுதான் எனக்கு அவர் யார் என்று புரிந்தது. கெட்டவர் இல்லை. ஒருநாளும் யாரிடமும் கை நீட்டியதில்லை, ஒருவரையும் மரியாதைக் குறைவாய் அழைத்ததில்லை, எனக்கே "வாங்கோ, போங்கோ" தான். சுத்தம் ஒன்றுதான் அவருக்குத் தெய்வம். மற்றத் தெய்வமெல்லாம் அதற்கப்புறம்.

முனுசாமி அண்ணனை அவர் முதன்முதலாய்ப் பார்த்தபோது, அண்ணன் ஒரு பிள்ளைக்குக் குத்தி முடித்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். வரதன் சாருக்கு மயக்கம் வராத குறை. மறுநாளே அண்ணனை ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்பிவிட்டு, எங்கள் பக்கத்து ஊர்களுக்குத் தானே அம்மை குத்துவதாய் எழுதிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தானே திருகைப் பிடிப்பது பெரிய மனசு. எல்லோரும் புகழ்ந்தார்கள்.

அவர் குத்துகிற அழகைச் சொல்கிறேன். மேஜைமேல் வெள்ளைத் துணி. பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில், ஸ்பிரிட் விளக்கு, மருந்துக் கிண்ணி எல்லாம் ஒரே வரிசையில். வஞ்சிர வாசனை போகட்டும் என்று ஐஸ் கட்டியைக் கொதிதண்ணீரால் கழுவச் சொல்வார். கழுவிய பிறகு பிளாஸ்க்கில் போட ஐஸ் கொஞ்சம்தான் மிஞ்சும், ஆனால் சுத்தமான கொஞ்சம். பிள்ளை வந்ததும் கையில் ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கடைசியாய்த் திருப்திக்கு ஒருமுறை. கை சொட்டச் சொட்ட இருக்கும். பிறகு திருகை விளக்கில் காட்டுவார். முட்கள் சிவக்கிற வரைக்கும் காட்டுவார். சிவந்ததும், காற்றில் இருக்கிற தூசி ஒட்டிவிடக்கூடாது என்று, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மருந்தில் தோய்ப்பார். 'சுர்ர்' என்று ஒரு சத்தம் வரும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அதே சத்தம். அதற்கப்புறம் ஸ்பிரிட் சொட்டுகிற கையில் வைத்துத் திருகுவார்.

நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன். அந்தச் சத்தத்தை நாளொன்றுக்கு எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

எட்டாம் நாள் போய்ப் பார்க்கிற வழக்கம் நின்றுபோனது. சீழ் பார்க்க அவருக்கு அருவருப்பு. பதிவேட்டில் 'பார்த்தது' என்ற கட்டத்தை ஆபீசிலேயே உட்கார்ந்து பூர்த்தி செய்தார், அழகான கையெழுத்தில். சந்தேகப்படவும் வழியில்லை. ஒரு தாயும் சண்டைக்கு வரவில்லையே. ஒரு கையும் வீங்கவில்லை, ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் இல்லை. தெருவில் போனால் மோர் கொடுத்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, முனுசாமி அண்ணன் கண்ணில் படாமல் வரப்பு வரப்பாய் நடந்து எங்களிடம் வந்தார்கள். எதிர்வீட்டுக் கஸ்தூரி ஊர் முழுக்கச் சொன்னாள்: "அந்த முன்சாமி குத்துனா மாடு முட்டுன மாறி வீங்கும். இவரு குத்துனா கொசு கடிச்ச மாறிகூட இல்ல. கைராசின்னா இதான்."

என் மகள் சுமதிக்கு அப்போது நாலு முடிந்து ஐந்து. முனுசாமி அண்ணன் குத்தினால் வீங்கும் என்று அதுவரை தள்ளிப்போட்டிருந்த நான், அவளுக்கு யாரிடம் குத்த வைத்தேன்? கைராசிக்காரரிடம்தான். வீங்கவில்லை. காய்ச்சல் இல்லை. நானும் சந்தோஷமாகத் தூங்கினேன்.

தூங்கினேன் என்று சொன்னது முழுக்க உண்மையில்லை. முனுசாமி அண்ணன் சொன்னது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் துணிந்து, ஸ்டவ்வைப் பார்த்தபடியே சொன்னேன், அந்தச் சத்தம் வராமல் தோய்க்கலாமா என்று. வரதன் சார் கோபப்படவில்லை. புன்னகையோடு, "கன்னியம்மா, கிருமின்னா நெருப்புலதான் சாகும். நீங்கோ தண்ணி கொதிக்கிறதான்னு பாருங்கோ" என்றார். கிருமி நெருப்பில் சாகும் என்பதில் அவருக்கு எவ்வளவு நிச்சயமோ, எனக்கும் அவ்வளவு நிச்சயம். அஞ்சாவது படித்தவள் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிக் கொடுப்பதா? தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்த்தேன். நன்றாகவே கொதித்தது.

அந்த மாசியில் சுமதி விளையாடிவிட்டு வந்து சோறு தின்னும்போது சொன்னாள், "ரமணம்மா நைனா மூஞ்சி ஃபுல்லா கொப்புளம்மா. காலுகூட கொப்புளம்." ரமணம்மா சூளையில் செங்கல் அறுக்கிற தெலுங்குக் குடும்பத்துச் சிறுமி. சுமதியும் அவளும் சோடி. அவள் அப்பா எல்லை தாண்டி ஒரு சாவுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்தான். நீ உள்ளே போனாயா என்றேன். "அவுரு தண்ணி கேட்டாரு. நான்தான் சொம்புல குட்தேன்" என்றாள்.

பிள்ளையின் சட்டையைக் கழற்றி இரண்டு கையையும் தடவிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. அவ்வளவு அழகான கை.

ஓடிப்போய் வரதன் சாரிடம் சொன்னேன். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நிமிடமே சைக்கிளை எடுத்துக்கொண்டு சூளைக்குப் போனார், பார்த்தார், தந்தி கொடுத்தார். பெரியம்மைதான். மறுநாள் காலையில் மெட்ராசிலிருந்து ஜீப்பில் ஒரு டாக்டரம்மா வந்து இறங்கினார்கள். சின்ன வயசு, மெல்லிய வாயல் புடவை உடுத்தி, காலில் ஆம்பிளைச் செருப்பு. வந்ததும் உட்காரக்கூட இல்லை. சூளைக் குடிசைகளில் எல்லோருக்கும் அவர்களே குத்தினார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து, பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

டாக்டரம்மாவிடம் இருந்த மருந்தும் ஆளும் கொஞ்சம். அதனால் எந்த ஊருக்கு முதலில் போவது என்பதுதான் கேள்வி. வரதன் சார் பதிவேட்டை விரித்து வைத்தார். எங்கள் ஊரில் விட்டுப்போன பிள்ளை ஒன்றுகூட இல்லை. குத்தியது, பார்த்தது, பலித்தது, மூன்று கட்டமும் முத்து முத்தாய். அப்படியொரு பதிவேட்டை டாக்டரம்மா பார்த்ததே இல்லையாம். பாராட்டினார்கள். "அப்ப இந்த ஊர் கவலையில்ல. நாம நேரா அடுத்த ஊர்களுக்குப் போயிடலாம்" என்று எழுந்தார்கள். ஜீப் டிரைவர் பீடியை அணைத்தான்.

நான் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். ஜீப் கிளம்பிவிட்டால் மறுபடி இந்தப் பக்கம் வர நாலைந்து நாள் ஆகும். சொல்லவேண்டியது ஒரே வரி. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நாற்பது வீட்டுப் பிள்ளைகளும் என் பிள்ளையும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்க, என் வாய் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது. இதைவிடக் கேவலமான ஒரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை.

பேச வரவில்லை. கால் வந்தது. பிளாஸ்க்கை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். சுமதியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏறப்போன டாக்டரம்மாவின் முன்னால் நிறுத்தி, சட்டையைக் கழற்றி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

டாக்டரம்மா பார்த்தார்கள். தடவிப் பார்த்தார்கள். "இந்தப் பிள்ளைக்கு ஏன் குத்தலை?"

வரதன் சார் பதறவில்லை. "குத்தியாச்சு டாக்டர். நாலாம் பக்கத்துல இருக்கு."

"பக்கத்துல இருக்கு சார். கையில எங்க?"

அதன்பிறகு ஜீப் கிளம்பவில்லை. தெருவில் இருந்த பிள்ளைகளையெல்லாம் வரச் சொல்லி வரிசையாய் நிறுத்தினார்கள். பெரிய பிள்ளைகள் கையில் முனுசாமி அண்ணனின் காலணாத் தழும்பு. சின்னவர்கள் கையெல்லாம் வாழைத்தண்டு. டாக்டரம்மா மேஜையைப் போடச் சொல்லி, எப்போதும் போல ஒரு பிள்ளைக்குக் குத்துங்கள் என்றார்கள். வரதன் சார் வெள்ளைத் துணியை விரித்தார். ஸ்பிரிட் மூன்றுமுறை. விளக்கு. சிவந்த திருகு. சுர்ர்.

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார்கள். சத்தம் போடவில்லை. "சார், நீங்க அம்மை குத்தலை. மருந்தைத் தாளிக்கிறீங்க" என்றார்கள்.

பிறகு எல்லோர் முன்னாலும் விளக்கிச் சொன்னார்கள். நெருப்பு கெட்ட கிருமியை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்லாது, மருந்துக் கிருமியையும் சேர்த்துக் கொல்லும். மிச்சம் மீதி தப்பியதை ஸ்பிரிட் கொல்லும். ஸ்பிரிட்டுக்கும் தப்பினால் ஐஸ் இல்லாத பிளாஸ்க் கொல்லும். திருகை நெருப்பில் காட்டுவது சரிதான், ஆனால் முப்பது எண்ணி ஆறவிட வேண்டும். கைக்குத் தண்ணீர் போதும். அவ்வளவுதான். வரதன் சார் நின்றபடியே கேட்டார். வேர்வையில் திருமண் கரைந்து மூக்கில் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

சுமதிக்கு இனிக் குத்தினால் பலிக்குமா என்று நான் கேட்கவில்லை. என் முகமே கேட்டிருக்கும். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தபடி என்னிடம் சொன்னார்கள்: "பெரியம்மை உடம்புக்குள்ள போய் மூட்டையைப் பிரிக்கவே பன்னிரண்டு நாள் ஆகும்மா. நம்ம ஆளு அதுக்கு முந்தி வேலையை ஆரம்பிச்சிடுவான். தொட்டு ரெண்டு நாளுக்குள்ள போடறோம். பெரும்பாலும் ஜெயிச்சிடலாம்." பெரும்பாலும் என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் நன்றாய்க் கவனித்தேன்.

முனுசாமி அண்ணனை ஆள்விட்டு அழைத்தார்கள். வந்தார். வந்த வேகத்தில் விரலைச் சட்டையில் துடைக்கப்போய் டாக்டரம்மாவிடம் அவரும் வாங்கிக்கட்டிக்கொண்டார். வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

அதுவரைக்கும் அரசாங்கத்தின் கஷ்டம். இனி ஊரின் கஷ்டம். அண்ணன் தலையைப் பார்த்ததும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் ஓடினார்கள். "நம்ப சார் குத்திட்டாரு, இன்னொரு வாட்டி இன்னாத்துக்கு? இந்தாளு கையால வாணவே வாணாம்" என்றார்கள். வரதன் சார் குத்தியது பலிக்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பொறாமையில் அவரை மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். செத்த மருந்து குத்தியவருக்கு ஊரே ஜாமீன் நின்றது. உயிருள்ள மருந்தோடு வந்தவரைத் தொடப்பத்தோடு துரத்தியது.

கடைசியில் வரதன் சார்தான் போனார். வீடு வீடாய்ப் போய், கதவுக்கு வெளியே நின்று, கைகூப்பிச் சொன்னார்: "நான் குத்தினது தப்பும்மா. மருந்து செத்துப்போச்சு. முனுசாமிகிட்ட குத்திக்கோங்கோ. வீங்கும். வீங்கணும்." இதை ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். நான் பின்னாலேயே பிளாஸ்க்கோடு போனேன். அவர் குரல் எந்த வாசலிலும் உடையவில்லை. என் தொண்டையைப் பற்றி நான் வெட்கப்பட்டது அங்கேதான்.

பொழுது சாய்வதற்குள் எல்லா வீடும் திறந்தது, ஒன்றைத் தவிர. பிள்ளை ஊருக்குப் போயிருக்கிறது என்று கஸ்தூரி உள்ளிருந்தே சொன்னாள். சொன்னது மூன்று வயசு மகள் செல்வியைப் பற்றி. இவர்கள் சொல்வது நிஜம் என்றால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கதவிடுக்கு வழியே என்னைப் பார்த்துக் கேட்டாள். "நீதான கூடவே நின்னுகினு இருந்த?" கதவு சாத்திக்கொண்டது.

அடுத்து வந்த நாட்களில் நான் சுமதியின் கையைப் பார்த்த மாதிரி எந்தச் சாமியையும் பார்த்ததில்லை. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு சிவப்புப் பரு. ஆறாம் நாள் நீர் கோத்தது. எட்டாம் நாள் கை வீங்கி, காய்ச்சலில் பிள்ளை அனத்தினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்றார்கள். முனுசாமி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இன்னா அழகா கீது" என்றார். எனக்கும் அழகாய்த்தான் இருந்தது.

சுமதி தப்பித்தாள். மறுபடி குத்திக்கொண்ட பிள்ளைகள் எல்லோரும் தப்பித்தார்கள். ரமணம்மாவின் அப்பாவும் முகமெல்லாம் வடுவோடு பிழைத்துக்கொண்டான். அவனுக்கு வேளா வேளைக்குக் கஞ்சி கொண்டுபோனது கஸ்தூரி என்பது பிறகுதான் தெரிந்தது. குடிசைக்கு வெளியே வைத்துவிட்டு வருவாளாம், செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு. இரக்கமுள்ளவள். செல்விக்கு வந்துவிட்டது. உயிர் பிழைத்தாள். இடது கண்ணில் பூ விழுந்து, பார்வை போய்விட்டது.

வரதன் சார் அந்தப் பிள்ளையை மூன்றுமுறை ரயிலில் மெட்ராஸ் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மூன்றுமுறையும் திரும்பி வந்தபோது அவர் சட்டையில் கசங்கலும், பிள்ளை துடைத்த மூக்குச்சளியும் இருந்தன. அவர் கவனித்ததாய்த் தெரியவில்லை. கண் திரும்பவில்லை. கஸ்தூரி அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் கணக்கில் எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மெட்ராஸ் டாக்டரம்மாவும், நானும்தான். இரண்டாவது பெயரை நான் மறுக்கமாட்டேன்.

இந்தக் களேபரம் அடங்குவதற்குள் மேலிடத்திலிருந்து வரதன் சாருக்கு ஒரு காகிதம் வந்தது. அவர் பராமரிக்கும் சுத்தத்தைப் பாராட்டி. அதைப் படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் கவிழ்த்து வைத்தார்.

அடுத்த அம்மை குத்து நாளில் அவரே மேஜை போட்டார். வெள்ளைத் துணி இருந்தது. ஸ்பிரிட் பாட்டில் இல்லை. பிளாஸ்க்கில் கழுவாத ஐஸ், வஞ்சிர வாசனையோடு. திருகை விளக்கில் காட்டிச் சிவக்க வைத்து எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"நான் எண்ணினா அவசரப்பட்டுடுவேன் கன்னியம்மா. நீங்கோ எண்ணுங்கோ."

நான் வாய்க்குள் எண்ணினேன்.

"எனக்குக் கேக்கணும்."

வரிசையில் பெண்கள், பிள்ளைகள், சூளை ஆட்கள், எதிரே வாசலில் செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு கஸ்தூரி. ஒன்று என்றேன். அது எனக்கே வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. இரண்டு. மூன்று. பத்து வருவதற்குள் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். முப்பது வந்ததும் சார் திருகை மருந்தில் தோய்த்தார். சத்தம் வரவில்லை. எட்டாம் நாள் அவரும் நானும் தெருவுக்குப் போய் வயிறு நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

சில வருடங்களில் நாட்டிலேயே பெரியம்மை இல்லை என்றார்கள். திருகும் போனது. வரதன் சார் மாற்றலாகிப் போகிற வரைக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்தான் எண்ணினேன்.

செயலாளர் அவர்களுக்கு ஒன்று. அடுத்த கூட்டத்தில் கட்டாயம் மைக்கில் பேசியே ஆகவேண்டும் என்று என்னைப் பிடித்து இழுத்தால் நான் வருகிறேன். ஆனால் எனக்குப் பேசத் தெரியாது. ஒன்றிலிருந்து முப்பது வரைக்கும் சத்தமாய் எண்ணிவிட்டு இறங்கிவிடுவேன்.